விசுவாசமும் கிரியையும் (9): ரேகன்ஸ்பர்க் உடன்பாடு

சென்ற பகுதியில், 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் முன்னிலையில் லூதரின் கட்சியார் தங்கள் விசுவாச அறிக்கையை வாசித்தளித்ததையும், ரோமாபுரியின் கட்சியார் அதனை மறுத்துரைத்ததையும், இரு திறத்தாரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கியவர்களாய்த் தத்தம் நாடுகளுக்குத் திரும்பியதையும் கண்டோம். அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே சக்கரவர்த்தி கூட்டிய வேறொரு சபையில், எந்தக் கொள்கையின் பொருட்டு மேலை நாட்டுக் கிறிஸ்தவ உலகம் இரண்டாகப் பிளவுண்டதோ அந்தக் கொள்கையிலேயே இரு கட்சிப் பண்டிதர்களும் ஒருமனப்பட்டார்கள் என்று கூறினால், பிற்கால யுத்தங்களின் சரித்திரத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது கட்டுக்கதைபோலவே தோன்றும். ஆயினும் அது நடந்தது. 1541-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, டானூப் நதிக்கரையிலுள்ள ரேகன்ஸ்பர்க் என்னும் நகரத்தில் நடந்தது. அந்த உடன்பாடு எவ்வாறு பிறந்தது, ஏன் நிலைக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே இப்பகுதியில் கூற எண்ணுகின்றேன்.

வழக்கு இன்னதென்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். மனிதன் பாவி, கடவுள் நீதிபரர், பாவத்தால் நேர்ந்த கடனை மனிதன் தன் சக்தியைக் கொண்டு தீர்க்க வல்லவனல்லன், ஆதலின் தேவகுமாரனாகிய கிறிஸ்து சிலுவையில் தம்மையே பலியாக ஒப்புக்கொடுத்து மனுக்குலத்தின் பாவத்தை நிவர்த்தி செய்தார். இவ்வளவில் ரோமாபுரியாருக்கும் லூதரின் கட்சியாருக்கும் யாதொரு பேதமும் இல்லை. காண்டர்பரி அன்செல்ம் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு வகுத்துத் தந்த தர்க்கத்தை முன்னமே பார்த்தோம். அதனை இரு சாராரும் பெரும்பாலும் தங்கள் பிதிரார்ஜிதமாகவே கொண்டிருந்தனர். பேதமெல்லாம் அதற்கு அடுத்த வினாவில் எழுந்தது. அந்தப் பலியின் பலன் இன்று வாழும் ஒரு பாவிக்கு எவ்வாறு உரிமையாகின்றது? கிறிஸ்துவின் நீதியைக் கடவுள் அந்தப் பாவியின் கணக்கில் வைத்து எண்ணுகின்றார், அதனை அவன் விசுவாசம் ஒன்றினாலேயே பெற்றுக்கொள்ளுகின்றான், அவனுக்குள்ளே இன்னும் பாவம் எஞ்சியிருந்தபோதிலும் அவன் நீதிமானாகவே ஏற்கப்படுகின்றான் என்றார் லூதர். அங்ஙனமன்று, கடவுளின் கிருபை ஆத்மாவிற்குள் பொழியப்பட்டு அதனை மெய்யாகவே நீதியுள்ளதாக மாற்றுகின்றது, அவ்வாறு மாறிய மனிதன் அன்பின் கிரியைகளால் அந்த நீதியில் வளர்கின்றான் என்றனர் ரோமாபுரியார். முன்னதில் நீதி மனிதனுக்குப் புறத்தே கிறிஸ்துவிடத்தில் இருக்கின்றது; பின்னதில் அது மனிதனுக்குள்ளேயே வேரூன்றுகின்றது. மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது பள்ளிக்கூடத்துத் தர்க்கம். மரணப்படுக்கையில் கிடக்கும் ஒருவன் எதைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடுவது என்று கேட்டுப் பார்த்தால், இதனினும் பெரிய வினா அக்காலத்தவருக்கு வேறு இருந்ததில்லை.

சக்கரவர்த்திக்கு இந்த வினாவில் இருந்த அக்கறை வேறு வகையானது. சார்லஸ் பக்தியில்லாதவரல்லர், எனினும் துருக்கியர் 1529-இல் வியன்னாவை முற்றுகையிட்டுச் சென்றதையும், ஹங்கேரியின்மீது சுலைமான் சுல்தான் மீண்டும் படையெடுக்கும் அறிகுறிகளையும், பிரெஞ்சு மன்னர் பிரான்சிஸ் எப்பொழுதும் முதுகுப்புறத்தில் காத்திருப்பதையும் அவர் மறக்க இயலாது. படைக்குப் பணமும் ஆளும் ஜெர்மானியப் பிரபுக்களிடமிருந்து வரவேண்டும். அவர்களிலோ பலர் லூதரின் கட்சியார். சமயப் பிணக்கைத் தீர்க்கப் பொதுச்சங்கம் ஒன்றைக் கூட்டுமாறு அவர் பல ஆண்டுகளாகப் போப்பாண்டவரை வேண்டிவந்தார். சங்கம் கூடும் வழியைக் காணோம். ஆகவே இரு கட்சிப் பண்டிதர்களையும் நேரில் உட்காரவைத்துப் பேசச் செய்வதென்று தீர்மானித்தார். 1541 ஏப்ரல் 5-இல் ரேகன்ஸ்பர்க்கில் பேரரசின் சபை தொடங்கிற்று.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7-ஆம் தேதி, லிஸ்பன் துறைமுகத்திலிருந்து பிரான்சிஸ் சவேரியார் இந்தியாவை நோக்கிக் கப்பலேறினார் என்பது தமிழ் வாசகர்கள் நினைவில் வைக்கத்தக்கது. மறு ஆண்டிலேயே அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே ஜெபங்களைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். அவர் சேர்ந்திருந்த இயேசு சபை போப்பாண்டவரின் அங்கீகாரத்தைப் பெறுவதற்கு ரோமாபுரியில் முன்னின்று உழைத்த கர்தினால் ஒருவர் உண்டு. 1539-ஆம் ஆண்டு செப்டம்பரில் அச்சபையின் திட்டத்தைப் போப்பாண்டவருக்கு வாசித்துக்காட்டி அவருடைய வாய்மொழிச் சம்மதத்தைப் பெற்றுத் தந்தவர் அவர். அவர்தாம் ரேகன்ஸ்பர்க்கிற்குப் போப்பாண்டவரின் பிரதிநிதியாக வந்த காஸ்பரோ கொண்டாரினி. இந்தப் பகுதியின் கதாநாயகர் என்று ஒருவரைக் கூறவேண்டுமானால் அவரையே கூறவேண்டும்.

கொண்டாரினி 1483-இல், அஃதாவது லூதர் பிறந்த அதே ஆண்டில், வெனிஸ் நகரத்துப் பழம்பெருங்குடி ஒன்றில் பிறந்தார். பாதுவா சர்வகலாசாலையில் தத்துவம் பயின்றார். அவருடைய ஆப்த நண்பர்களான ஜுஸ்தினியானி, குவெரினி என்ற இருவரும் உலக வாழ்வை வெறுத்துக் கமால்தோலி மலைக்காட்டுத் தபசிகளோடு சேர்ந்துவிட்டார்கள். கொண்டாரினிக்கோ துறவில் மனம் செல்லவில்லை. செல்லாததே அவருக்குப் பெரும் வேதனையாயிற்று. அத்துணை நல்லவர்களான தம் நண்பர்களே, தாங்கள் வாழ்நாளெல்லாம் புரியும் கடுந்தவமும் முன்செய்த பாவத்திற்கு ஈடாகுமோ என்று அஞ்சுவார்களாயின், இல்லறத்தாரும் அல்லாமல் துறவறத்தாரும் அல்லாமல் நடுவில் நிற்கும் தமக்கு என்ன கதி என்று அவர் கலங்கினார். 1511-ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமையன்று, வெனிஸில் சான் செபஸ்தியானோ ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யச் சென்றவர், அங்கே ஒரு துறவியோடு நெடுநேரம் உரையாடினார். ஆலயத்தைவிட்டு வெளிவந்த பிறகு அவர் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது. தம்மால் இயன்ற தவமனைத்தையும், அதற்கு மேலும் பன்மடங்கையும் செய்தாலும், வரும் பேரின்பத்தைப் பெறுவது இருக்கட்டும், கழிந்த பாவங்களுக்கு ஈடுசெய்யவுங்கூட அது போதாது. கிறிஸ்துவின் பாடுகளோ போதுமானவை, போதுமானவற்றிற்கு மேலுமானவை. தலையோடு அவயவம் சேர்வதுபோல, விசுவாசத்தாலும் நம்பிக்கையாலும் நம்மால் ஆகும் சிறு அன்பாலும் அவரோடு சேர்ந்திருப்பதே நம் கடமை. இந்தக் கருத்துப்பட அவர் ஜுஸ்தினியானிக்கு அதே மாதத்தில் கடிதம் எழுதினார். அக்கடிதம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு தபோவனத்தின் ஏட்டறையில் உறங்கிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் ஹூபெர்ட் யெடின் என்ற ஜெர்மானியச் சரித்திராசிரியரின் கண்ணிற் பட்டது.

ஆலயக் கதவில் தம் ஆட்சேபணைகளை அறைந்த லூதரின் ஆணிகளும் சுத்தியலும் பேசப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், லூதர் வாழ்ந்த விட்டன்பெர்க் என்ற ஊரின் பெயரையே அநேகமாகக் கேட்டிராத ஒரு வெனிஸ் வாலிபன், லூதரை வாட்டிய அதே சந்தேகத்தால் வாடி, ஏறக்குறைய அதே ஆறுதலைக் கண்டடைந்தான் என்பது சிந்திக்கத்தக்கது. விசுவாசத்தினால் வரும் நீதி ஜெர்மானியச் சரக்கென்று பேசுவோர் இரு கட்சியிலும் உண்டு. இந்தக் கடிதம் அவர்களுடைய வாயை அடைக்கின்றது. ஆனால் லூதர் அந்த ஆறுதலிலிருந்து, மடங்களையும் நேர்ச்சைகளையும் போப்பாண்டவரின் அதிகாரத்தையும் மறுக்கும் முடிவுகளைப் பெற்றார். கொண்டாரினி அப்படிப்பட்ட முடிவு எதனையும் பெறவில்லை. தம் நகரத்தின் ராஜாங்க சேவையில் அமர்ந்தார்; 1521-இல் சக்கரவர்த்தியிடம் வெனிஸின் தூதராக வோர்ம்ஸ் நகருக்கும் வந்தார்; எனினும் லூதரைச் சந்திக்கவில்லை. 1535-இல், குருத்துவமும் பெறாத அவரை மூன்றாம் பவுல் போப்பாண்டவர் கர்தினாலாக உயர்த்தினார். 1537-இல் திருச்சபையின் ஊழல்களை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்து, போப்பாண்டவரின் அரண்மனையையே குறைகூறும் அறிக்கை ஒன்றைக் கூசாமல் சமர்ப்பித்தவரும் அவரே.

வாதத்திற்கு ஆறு பேரைச் சக்கரவர்த்தி தேர்ந்தார். ரோமாபுரியின் பக்கம் யோகான் எக், யூலியுஸ் பிளுக், யோகான் குரோப்பர். சீர்திருத்தக் கட்சியின் பக்கம் பிலிப் மெலாங்டன், மார்ட்டின் பூட்சர், யோகான் பிஸ்தோரியுஸ். இவர்களுள் எக், 1519-இல் லைப்சிக்கில் லூதரோடு வாதிட்ட அதே எக். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் அவருடைய குரலும் குறையவில்லை, கோபமும் குறையவில்லை. லூதர் பேரரசின் பிரஷ்டத்திற்கு உட்பட்டவராதலின் வர இயலாது. தலைமை வகிக்கச் சக்கரவர்த்தியின் மந்திரி கிரான்வெல்லும் பலத்தினேட்டுப் பிரபு பிரெடரிக்கும் அமர்த்தப்பட்டனர்.

வாதத்திற்கு ஆதாரமாக ஒரு புத்தகம் அவர்கள் முன் வைக்கப்பட்டது. அது எங்கிருந்து வந்ததென்பதை யாரும் கூறவில்லை. உண்மையில் அது, முந்திய குளிர்காலத்தில் வோர்ம்ஸ் நகரில் குரோப்பரும் பூட்சரும் இரகசியமாகக் கூடி எழுதியது. இருபத்துமூன்று அதிகாரங்களைக் கொண்டது. பகைக் கட்சியினர் இருவர் கதவைச் சாத்திக்கொண்டு சேர்ந்தெழுதிய நூல் என்று தெரிந்தால் இரு கட்சியாரும் அதனைத் தீண்டமாட்டார்கள் என்ற அச்சத்தால் அதன் பிறப்பு மறைக்கப்பட்டது. இது ராஜதந்திரம்; ஆயினும் சமாதானத்திற்கு அடிகோலிய நூலே தன் தந்தையின் பெயரைக் கூற அஞ்சிய நிலையில்தான் காரியம் தொடங்கிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஏப்ரல் 27-இல் வாதம் ஆரம்பமாயிற்று. மனிதனின் ஆதிநிலை, சுயாதீனச் சித்தம், பாவத்தின் காரணம், ஜென்மபாவம் ஆகிய முதல் நான்கு அதிகாரங்களில் பெருந்தடை ஏதும் நேரவில்லை. ஐந்தாவது அதிகாரம் மனிதன் நீதிமானாக்கப்படுதலைப் பற்றியது. புத்தகத்திலிருந்த வாசகம் நீண்டு குழம்பியிருந்தது. எக்கிற்கும் பிடிக்கவில்லை, மெலாங்டனுக்கும் பிடிக்கவில்லை. அதனை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினர். ஒருவர் எழுதியதை மற்றவர் மறுப்பதும், மறுத்தவர் எழுதியதை முன்னவர் திருத்துவதுமாகச் சில நாட்கள் சென்றன. முடிவில், மே 2-ஆம் தேதி, ஒரு வாசகம் ஆறு பேராலும் ஏற்கப்பட்டது.

அதன் சாரம் இது. பாவி நீதிமானாக்கப்படுவது உயிருள்ள விசுவாசத்தினால். அந்த விசுவாசம் அன்பினால் செயற்படுவது. விசுவாசிக்கும் மனிதனுக்குப் பரிசுத்த ஆவியோடு அன்பும் அளிக்கப்படுகின்றது. ஆகவே அவனுக்குள்ளே ஒரு நீதி மெய்யாகவே தொடங்குகின்றது. ஆயினும் அந்த உள்ளார்ந்த நீதி குறையுடையது. ஆத்மா அதனைச் சார்ந்து நிற்பதில்லை. கிறிஸ்துவினுடைய புண்ணியத்தை முன்னிட்டு நமக்கு அளிக்கப்படும் கிறிஸ்துவின் நீதி ஒன்றையே சார்ந்து நிற்கின்றது. விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறோம் என்று போதிக்க விரும்புவோர், மனந்திரும்புதலையும் தேவபயத்தையும் நற்கிரியைகளையும் சேர்த்தே போதித்தல் வேண்டும். வாசகர்கள் இதில் இரு கட்சியின் குரலையும் தனித்தனியே கேட்கலாம். அன்பு ஆத்மாவிற்குள் ஊற்றப்படுகின்றது என்பது ரோமாபுரியின் பாட்டு; கிறிஸ்துவின் நீதியையே சார்ந்து நிற்கின்றோம் என்பது விட்டன்பெர்க்கின் பாட்டு. இரட்டை நீதி என்று பிற்காலத்தார் இக்கொள்கைக்குப் பெயரிட்டனர். கொண்டாரினி மே 25-ஆம் தேதியிட்ட நிருபமொன்றில் இதனைத் தம் சொந்தக் கொள்கையாகவே விளக்கி எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் சான் செபஸ்தியானோ ஆலயத்தில் பெற்ற தெளிவே அங்கே இறைநூற் புலமையின் ஆடையணிந்து நிற்கின்றது.

ஸ்டிராஸ்பர்க் நகரத்தின் சார்பில் அங்கே வந்திருந்தவர்களுள் முப்பத்தொரு வயதினரான ஜான் கால்வின் என்பவரும் ஒருவர். எதிர்க்கட்சியார் இவ்வளவு விட்டுக்கொடுத்திருப்பதைக் கண்டு நீ வியப்பாய் என்று அவர் தம் நண்பர் பாரேலுக்கு எழுதினார். இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம் என்பதையும், எத்தகையவர்களோடு வாதிட்டோம் என்பதை நோக்க இதுவே பெரிதென்பதையும் உடன் சேர்த்துக் கொண்டார். பிற்காலத்தில் கடுமைக்குப் பெயர்பெற்றவரின் சாட்சியம் இது. ரோமாபுரிப் பக்கத்தில் இங்கிலாந்து தேசத்துக் கர்தினால் ரெஜினால்ட் போல் பெருமகிழ்ச்சி அடைந்தார்.

மகிழாதவர்களும் உண்டு. விட்டன்பெர்க்கிலிருந்த லூதர், பழைய வஸ்திரத்தில் புதுத்துணியை ஒட்டுப்போடுவது பற்றிய சுவிசேஷ உவமையை நினைவூட்டி, இது ஒட்டுப்போட்ட வேலை என்று தம் பிரபுவுக்கு எழுதினார். எதிர்க்கட்சியார் இதுகாறும் போதித்தது தவறென்று ஒப்புக்கொள்ளட்டும், அதன் பிறகு உடன்பாட்டைப் பேசலாம் என்பது அவருடைய நிலை. ரோமாபுரியிலோ, கர்தினால்கள் கூடி ஆராய்ந்து, வாசகம் இருபொருள்படுவதாக உள்ளது என்று அதனை ஏற்கவும் இல்லை, வெளிப்படையாகக் கண்டிக்கவும் இல்லை. எக் தாம் ஒப்புக்கொண்டதையே பின்னர் மறுத்துப் பேசலானார்.

உடன்பாடு முறிந்தது ஐந்தாவது அதிகாரத்தினாலன்று. அடுத்துத் திருச்சபையின் அதிகாரத்தைப் பற்றிய அதிகாரம் வந்தது. பொதுச்சங்கங்கள் தவறக்கூடுமா என்ற வினாவில் மெலாங்டன் அசையவில்லை. அதைப் பிறகு பார்ப்போமென ஒத்திவைத்தனர். பதினான்காவது அதிகாரத்தில் நற்கருணை வந்தது. அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகப் பொருள்மாறுகின்றன என்று 1215-ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் வரையறுத்திருந்தது. புத்தகத்தை முன்கூட்டிப் பார்வையிட்ட கொண்டாரினி அந்தக் கொள்கையைக் குறிக்கும் சொல்லை அதில் சேர்க்கச் செய்திருந்தார். சீர்திருத்தக் கட்சியார் அதனை ஏற்க முடியாதென்றனர். சக்கரவர்த்தியின் மந்திரி, இத்தகைய நுட்பங்களைப் பண்டிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாகாதா என்று எண்ணினார்; ஆனால் கொண்டாரினி இணங்கவில்லை. சத்தியத்தில் ஒற்றுமை வேண்டுமேயன்றி, இருபொருள்படும் சொற்களால் மூடிய ஒற்றுமை வேண்டா என்பது அவர் உறுதி. இரக்கமும் சாந்தமும் உருவான அம்மனிதர் இவ்விடத்தில் கல்லாய் நின்றார். எக் காய்ச்சலில் வீழ்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு பாவத்தையும் எண்ணிக் கூறவேண்டுமா என்பதிலும் பேச்சு முட்டிற்று. மே 22-இல் வாதம் முடிந்தது. சீர்திருத்தக் கட்சியார் தங்கள் மறுப்புக்களை ஒன்பது பத்திரங்களாக இணைத்துப் புத்தகத்தைச் சக்கரவர்த்தியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூலை 29-இல் சபை கலைந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் ஹங்கேரியின் தலைநகரான பூடா துருக்கியர் வசமாயிற்று.

இந்தத் தோல்வியை அரசியலின் தலையில் சுமத்துவோர் பலர். அதற்கு ஆதாரமும் இல்லாமலில்லை. ஜெர்மனி ஒன்றுபடுவதைப் பிரெஞ்சு மன்னர் விரும்பவில்லை; பவேரியாவின் பிரபுக்கள் கத்தோலிக்கரேயாயினும், ஒன்றுபட்ட ஜெர்மனியின் சக்கரவர்த்தி தங்களுக்கும் எஜமானனாவார் என்று அஞ்சினர். சீர்திருத்தக் கட்சியின் தூணான ஹெஸ்ஸெ பிரபு பிலிப், முதல் மனைவி உயிருடன் இருக்கவே முந்திய ஆண்டில் மற்றொருத்தியை மணந்து, அக்குற்றத்திற்குரிய சட்டத்திற்கு அஞ்சிச் சக்கரவர்த்தியோடு தனியே உடன்படிக்கை செய்துகொண்டார். இவையெல்லாம் மெய். எனினும் இவற்றையே முழுக்காரணமாகக் கூறுவது அந்த ஆறு பண்டிதர்களையும் கொண்டாரினியையும் வெறும் சதுரங்கக் காய்களாக்குவதாகும். என் கருத்து வேறு. இரட்சிப்பு எவ்வாறு வருகின்றது என்பதில் அவர்கள் கண்ட உடன்பாடு மெய்யான உடன்பாடு. ஆனால் அந்த இரட்சிப்பைப் பற்றி முடிவுகூறும் அதிகாரம் யாரிடத்தில் உள்ளது என்னும் வினாவிற்கு அந்த உடன்பாட்டில் விடையில்லை. அந்த இரண்டாவது வினாவை ஒத்திவைத்துவிட்டு முதலாவதைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணியதே ரேகன்ஸ்பர்க்கின் குறை. லாத்தரன் சங்கத்தின் சொல்லைக் கைவிட்டால், சங்கங்கள் தவறும் என்று ஒப்புக்கொண்டதாகும் என்பதைக் கொண்டாரினி தெளிவாக அறிந்திருந்தார். அச்சொல்லை ஏற்றால் தங்கள் இருபது ஆண்டுப் போராட்டமே பிழையென்றாகும் என்பதை மெலாங்டனும் அறிந்திருந்தார். லூதர் ஒட்டுவேலை என்றது ஐந்தாவது அதிகாரத்திற்குப் பொருந்துவதைக் காட்டிலும் இந்த ஒத்திவைக்கும் முறைக்கே மிகுதியும் பொருந்தும்.

ரேகன்ஸ்பர்க் நகரம் மறு ஆண்டு, 1542-இல், லூதரின் கட்சியில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ரோமாபுரியில் வேதவிரோத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. கொண்டாரினி போலோனியா நகரில் போப்பாண்டவரின் பிரதிநிதியாக அமர்த்தப்பட்டு, ஆகஸ்டு 24-இல் அங்கேயே காலமானார். கப்பூச்சின் சபையின் தலைவரும் இத்தாலியின் தலைசிறந்த பிரசங்கியுமான பெர்னார்டினோ ஓக்கினோ, விசாரணைக்கென ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டு வழியில் மரணப்படுக்கையிலிருந்த அவரைக் கண்டவர், அதன் பிறகு ரோமாபுரியை நோக்கிச் செல்லாமல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெனீவாவிற்கு ஓடிப்போனார். உடன்பாட்டின் மூல நூலை எழுதிய இருவருள் பூட்சர் நாடுகடந்து 1551-இல் கேம்பிரிட்ஜில் இறந்தார். கொலோன் நகரைக் கத்தோலிக்க சமயத்திற்குக் காப்பாற்றித் தந்த குரோப்பரோ, முதுமையில் ரோமாபுரியிலேயே வேதவிரோதக் குற்றச்சாட்டிற்கு உள்ளாகி 1559-இல் அங்கே இறந்தார். இருபுறமும் இவ்வாறு சந்தேகிக்கப்பட்டதே அவர்கள் பெற்ற பரிசு.

பொதுச்சங்கம் இறுதியில் 1545 டிசம்பர் 13-இல் ட்ரெண்ட் நகரில் கூடிற்று. இரட்டை நீதிக் கொள்கையை அங்கே அகுஸ்தீன் சபைத் தலைவர் சேரிப்பாந்தோ மீண்டும் எடுத்துரைத்தார். அதனை நீண்ட உரையொன்றால் எதிர்த்தவர்களுள் முக்கியமானவர், கொண்டாரினி எந்தச் சபைக்கு வாழ்வளித்தாரோ அந்த இயேசு சபையைச் சேர்ந்த லைனஸ். ஏழு மாத விவாதத்திற்குப் பின், 1547 ஜனவரி 13-இல், பதினாறு அதிகாரங்களும் முப்பத்துமூன்று விதிகளும் கொண்ட தீர்மானம் நிறைவேறிற்று. ரேகன்ஸ்பர்க்கின் வாசகத்திற்கு அதில் இடமில்லை. லூதர் அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். அந்த ஏழு மாத விவாதத்தையும், சேரிப்பாந்தோவின் வாதத்தையும், தீர்மானத்தின் விதிகளையும் அடுத்த பகுதியில் காண்போம்.